அழிக்கும் முன் எழுதச் சொல்லுங்கள்

கேள்வி: திருமலைராயன்பட்டினத்திலிருந்து எழுதுகிறேன். தினமும் காரைக்காலுக்கும், வாரத்தில் இரண்டு நாள் நாகப்பட்டினத்துக்கும் வண்டியில்தான் போய்வருகிறேன். 350 சிசி வண்டி; முன்னும் பின்னும் டிஸ்க், இரண்டு சக்கரத்துக்கும் ஏ.பி.எஸ். உண்டு. வாங்கி இரண்டரை வருடம் ஆகிறது. ஐப்பசி மழையில் வாஞ்சூர் பக்கம் தண்ணீர் நின்ற சாலையில் வந்தேன். மறுநாள் காலை, எவ்வளவு தூரம் ஓட்டியும் மீட்டரில் ஏ.பி.எஸ். விளக்கு அணையவில்லை. இரண்டு நாள் வெயில் அடித்ததும் தானே அணைந்தது. அடுத்த மழைக்கு மறுபடி வந்துவிட்டது.

வாங்கிய இடத்திலேயே சர்வீஸுக்கு விட்டேன். அரை மணி நேரத்தில் "எர்ரர் கிளியர் பண்ணியாச்சு சார்" என்று சாவியைக் கொடுத்தார்கள். நாலாம் நாள் மழை பெய்தது, விளக்கும் வந்தது. இரண்டாவது முறை போனபோது, "ஏ.பி.எஸ். யூனிட்டே போயிருக்கும், மாத்தணும், 22,000 ரூபாய் ஆகும், தண்ணி போனதால வாரண்டி வராது" என்கிறார்கள். எங்கள் தெரு மெக்கானிக்கோ, "அந்த ஃபியூஸைப் பிடுங்கிப் போடுங்க, இருபது வருஷம் ஏ.பி.எஸ். இல்லாமத்தானே ஓட்டினீங்க" என்கிறார். பிரான்சில் இருக்கும் என் தம்பி, "இங்கே ரோட்டில் போடும் உப்பு பிரேக்கை அரிக்கிறது என்று 2020-இல் வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சோதித்தார்கள். நம் ஊரில் காற்றே உப்பு, அங்கே யாரும் பார்க்க மாட்டார்களா?" என்று கேட்கிறான்.

டீலர் உண்மையில் என்ன சோதிக்க வேண்டும்? சோதித்தார்களா என்று எனக்கு எப்படித் தெரியும்? அதுவரை வண்டியை ஓட்டலாமா? ஃபியூஸைப் பிடுங்கலாமா?

பதில்: ஐயா, உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஃபியூஸைப் பிடுங்காதீர்கள்.

பிடுங்கினால் பிரேக் போய்விடாது என்பது உண்மை. ஏ.பி.எஸ். வேலை செய்யாவிட்டாலும் லீவரை அழுத்தினால் ஆயில் காலிப்பரைத் தள்ளும், பேட் டிஸ்க்கைக் கவ்வும். உங்கள் மெக்கானிக் அதை வைத்துத்தான் சொல்கிறார். ஆனால் நீங்கள் போகும் சாலையை நினைத்துப் பாருங்கள். வாஞ்சூரில் துறைமுக லாரிகள், சனிக்கிழமை என்றால் திருநள்ளாற்றுக்கு வந்து திரும்பும் வெளியூர் வண்டிகள், ஆவணியில் வேளாங்கண்ணிக்கு இரவும் பகலும் நடந்து போகும் கூட்டம், இருட்டில் தார் சூட்டுக்காகச் சாலையிலேயே படுத்துக் கிடக்கும் மாடுகள். இப்படி ஒன்று திடீரென்று எதிரே வரும்போது கை லீவரை யோசித்து அழுத்தாது, இறுக்கிப் பிடிக்கும். ஈரத் தாரில் முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி சாய ஒரு நொடிகூட ஆகாது. எவ்வளவு தேர்ந்த கையானாலும் அந்த நேரத்துக்குள் லீவரை விட்டுப் பிடிக்க முடியாது. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். 125 சிசிக்கு மேற்பட்ட புதிய மாடல்களுக்கு 2018 ஏப்ரல் 1 முதலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரல் 1 முதலும் ஏ.பி.எஸ். கட்டாயமானது வீணாக அல்ல.

"இருபது வருஷம் இல்லாமல் ஓட்டினோமே" என்ற பேச்சு மெக்கானிக்குகள் மட்டும் பேசுவதல்ல. தயாரிப்பாளர்களே அப்படி நினைத்த காலம் உண்டு. 1958-இல் இங்கிலாந்தின் சாலை ஆராய்ச்சிக் கூடம், விமானங்களுக்காக டன்லப் நிறுவனம் செய்திருந்த மேக்ஸாரெட் என்ற சக்கரம் பூட்டாத பிரேக்கை ஒரு மோட்டார் சைக்கிளில் பொருத்திச் சோதித்தது. அந்த வண்டி ராயல் என்ஃபீல்ட் சூப்பர் மீட்டியோர். சென்னையில் என்ஃபீல்ட் இந்தியா தொடங்கி அப்போது மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. வழுக்கும் சாலையில் வண்டி சறுக்காமல், குறைந்த தூரத்திலேயே நின்றது. இருந்தும் ராயல் என்ஃபீல்டின் தொழில்நுட்ப இயக்குநர் அதற்கு எதிர்காலம் இருப்பதாக நினைக்கவில்லை. அது உற்பத்திக்கு வராமலே போனது. கடையில் வாங்கக்கூடிய மோட்டார் சைக்கிளில் ஏ.பி.எஸ். வர 1988 வரை, பி.எம்.டபிள்யூ. கே100 வரும் வரை, உலகம் காத்திருந்தது. இந்திய நிறுவனத்தின் வண்டியில் வர 2011 ஆயிற்று, ஓசூர் டி.வி.எஸ்.ஸின் அப்பாச்சி ஆர்.டி.ஆர். 180 அது. இடைப்பட்ட ஐம்பது வருடத்தில் சறுக்கி விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. அவ்வளவு தாமதித்துக் கைக்கு வந்ததை ஒரு ஃபியூஸோடு பிடுங்கி எறிய வேண்டாம்.

சரிசெய்யும் வரை ஓட்டலாமா? லீவரும் பெடலும் வழக்கம்போல் கெட்டியாக இருந்து, விளக்கு மட்டும் எரிகிறதென்றால் ஓட்டலாம். ஏ.பி.எஸ். இல்லாத வண்டி என்று எண்ணி ஓட்டுங்கள். இடைவெளி கூட்டிக்கொள்ளுங்கள், முன்பிரேக்கை ஒரேயடியாக அல்லாமல் படிப்படியாக அழுத்துங்கள், மழையில் வேகத்தைக் குறையுங்கள். லீவர் பஞ்சு போல உள்ளே போனாலோ, ஆயில் மட்டம் இறங்கியிருந்தாலோ, காலிப்பர் ஓரம் ஈரமாக இருந்தாலோ அது ஏ.பி.எஸ். பிரச்சினை அல்ல, பிரேக்கே போகப்போகிறது என்று பொருள். அப்போது வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், ஏற்றிக்கொண்டு போங்கள்.

இனி உங்கள் தம்பி சொன்னது. அவர் சொன்னது சரி. 2020 ஜூனில் ராயல் என்ஃபீல்ட், பிரிட்டன், ஐரோப்பா, தென்கொரியாவில் விற்ற சுமார் 15,200 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. இன்டர்செப்டர் 650, கான்டினென்டல் ஜி.டி. 650, ஹிமாலயன் ஆகிய மாடல்கள். பனிக்காலத்தில் சாலையில் ஐஸ் கட்டாமலிருக்கத் தூவும் உப்பு நாள்பட ஒட்டியே இருந்தால் பிரேக் காலிப்பரை அரிக்கலாம் என்பதுதான் காரணம். அங்கே டீலர்கள் காலிப்பரைப் பார்த்து, சுத்தம் செய்து, வேண்டிய இடத்தில் மாற்றிக்கொடுத்தார்கள். அது காலிப்பர் சமாச்சாரம், ஏ.பி.எஸ். அல்ல. இருந்தாலும் தம்பியின் கேள்வி மிகவும் நியாயமானது. ஐரோப்பாவில் உப்பு பனிக்காலத்தோடு போய்விடும். பட்டினச்சேரியில், கிளிஞ்சல்மேட்டில், உங்கள் வீட்டு வாசலில் அது பன்னிரண்டு மாதமும் வண்டி மேல் படிந்துகொண்டே இருக்கும். பகலில் காய்ந்து ஒட்டும். இரவுக் கடல்காற்றின் ஈரத்தில் கரைந்து இடுக்குகளுக்குள் இறங்கும். சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும் கால இடைவெளி, கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் நிற்கும் வண்டியை மனதில் வைத்து எழுதியதல்ல.

இந்தியாவிலும் திரும்ப அழைத்துச் சோதிப்பது நடக்கிறது. 2021 டிசம்பரில் அதே நிறுவனம் 26,300 கிளாசிக் 350 வண்டிகளை அழைத்தது. ஒற்றைச் சேனல் ஏ.பி.எஸ்.ஸும் பின்பக்கம் டிரம் பிரேக்கும் உள்ளவை அவை. பின்பிரேக்கைத் தாங்கும் பிராக்கெட்டில் கோளாறு இருந்தது. உங்கள் வண்டியில் பின்னாலும் டிஸ்க் என்பதால் அதில் சேராது. எந்த நிறுவனத்து வண்டியானாலும், ஒன்று செய்யுங்கள். சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, "இதற்கு ஏதாவது ரீகால் நிலுவையில் இருக்கிறதா?" என்று டீலரிடம் கேளுங்கள். கணினியில் பார்த்துச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். இருந்தால் அந்த வேலைக்குக் காசு வாங்கக்கூடாது.

உங்கள் வண்டியில் என்ன நடந்திருக்கும்? இரண்டு சக்கரத்தின் பக்கத்திலும், டிஸ்க்கை ஒட்டி, பல்லோ ஓட்டையோ வெட்டிய மெல்லிய இரும்பு வளையம் ஒன்று சுழலும். அதற்கு எதிரே, சுண்டுவிரல் நுனி அளவு சென்சார் ஒன்று அசையாமல் நிற்கும். இரண்டுக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும், மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும். ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது சென்சார் ஒரு துடிப்பை அனுப்பும். துடிப்புகளை எண்ணித்தான் சக்கரத்தின் வேகத்தை ஏ.பி.எஸ். யூனிட் அறிகிறது. பிரேக் பிடிக்கும்போது ஒரு சக்கரத்தின் வேகம் மட்டும் சட்டென்று விழுந்தால், அது பூட்டப்போகிறது என்று பொருள். உடனே யூனிட்டுக்குள் ஒரு வால்வு மூடி, புதிதாக அழுத்தம் வராமல் தடுக்கும். இன்னொன்று திறந்து, ஏறிய அழுத்தத்தை இறக்கும். சின்ன பம்பு ஆயிலைத் திருப்பித் தள்ளும். நொடிக்குப் பத்து முறைக்கு மேல் இது நடக்கும். லீவரில் உங்கள் விரலுக்குத் தெரியும் துடிப்பு அதுதான்.

துடிப்பு வராவிட்டால், அல்லது நம்ப முடியாத மாதிரி தாறுமாறாக வந்தால், யூனிட் தப்பாக வேலை செய்வதைவிட விலகிக்கொள்வது மேல் என்று ஒதுங்கிவிடும். விளக்கைப் போடும். என்ன கோளாறு என்பதை ஒரு எண்ணாகத் தன் நினைவில் எழுதி வைக்கும். கோளாறு போய் விளக்கு அணைந்த பிறகும் அந்த எண் அங்கேயே இருக்கும்.

முதல் தடவை உங்களுக்கு நடந்த அநியாயம் இங்கேதான். "எர்ரர் கிளியர்" என்றால் அந்த எண்ணை அழித்தார்கள் என்று அர்த்தம். மழையில் எந்தச் சக்கரத்தின் சென்சார் பேசாமல் போனது, கம்பி அறுந்ததா, துடிப்பு தடுமாறியதா, பேட்டரி சோர்ந்ததா எல்லாம் அந்த எண்ணில் இருந்தது. படித்து எழுதாமல் அதை அழிப்பது, நாடி பார்க்காமல் காய்ச்சல் மாத்திரை கொடுப்பது போன்ற வேலை. அழித்ததும் விளக்கு அணைந்ததே என்பீர்கள். சென்சார் கோளாறுகளில் பல, சக்கரம் சுழன்றால்தான் வெளியே தெரியும். அதிலும் உங்களுடையது ஈரம் பட்டால் மட்டும் வரும் கோளாறு. காய்ந்த தரையில் ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தால் எப்படி வரும்?

ஆகவே இந்த முறை விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே, முடிந்தால் மழை நாளிலேயே, வண்டியைக் கொண்டுபோங்கள். ஜாப் கார்டில் "ஏ.பி.எஸ். விளக்கு" என்று மட்டும் எழுத விடாதீர்கள். "மழையில் ஓட்டிய பின் ஏ.பி.எஸ். விளக்கு எரிகிறது, காய்ந்தால் அணைகிறது, சர்வீஸுக்கு வருவது மூன்றாவது முறை. கோடு எண்ணை எழுதிக் கொடுத்த பிறகே அழிக்கவும்" என்று எழுதச் சொல்லி, உங்கள் பிரதியைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். சர்வீஸ் அட்வைசர்கள் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கேட்டு வருபவர் குறைவு என்பதால்தான் எழுதாமல் விடுகிறார்கள்.

அந்த எண்ணைப் படிக்க அந்த நிறுவனத்தின் ஸ்கேனர் வேண்டும். இணையத்தில் வாங்கும் மலிவான ரீடர்கள் பெரும்பாலும் இன்ஜின் கோளாறைத்தான் படிக்கும், ஏ.பி.எஸ். பக்கம் போகாது. டீலரிடம் போவதற்கு இருக்கும் நியாயமே அந்த ஸ்கேனர்தான். அதை அழிப்பதற்கு மட்டும் பயன்படுத்தினால் நீங்கள் அங்கே போனதே வீண்.

ஸ்கேனரை மாட்டும் முன் பேட்டரியைப் பார்க்க வேண்டும். வண்டி சும்மா நிற்கும்போது 12.6 வோல்ட்டை ஒட்டியும், ஓடும்போது 14-ஐ ஒட்டியும் இருப்பது நல்ல அறிகுறி. சோர்ந்த பேட்டரியில், செல்ஃப் அடிக்கும் நேரத்தில் மின்னழுத்தம் விழுந்து ஏ.பி.எஸ். விளக்கு வருவதுண்டு. இதைப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.

அடுத்து, ஸ்கேனர் திரையில் இரண்டு சக்கர வேகமும் ஓடும் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கிக் கையால் சுற்ற வேண்டும். எண் சீராக ஏறி இறங்க வேண்டும், நடுவில் பூஜ்யத்துக்கு விழக்கூடாது. அப்படியே ஹேண்டில்பாரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். முன்சென்சார் வயர் ஃபோர்க்கோடு சேர்ந்து தினமும் ஆயிரம் முறை வளைகிறது. மேலுறைக்குள்ளேயே கம்பி இழை முறிந்திருந்தால் ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் எண் காணாமல் போகும். பிறகு அந்த வயர் போய்ச் சேரும் கப்ளரைப் பிரித்துப் பார்க்க வேண்டும். என் அனுபவத்தில் கடற்கரை வண்டிகளின் நோய் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. உள்ளே பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கும். ரப்பர் சீல் ஒன்று இடம் மாறியிருக்கும். காய்ந்திருக்கும்வரை எப்படியோ மின்சாரம் போய்வரும். ஈரமானதும் உப்புநீர் ஒரு முனையையும் இன்னொன்றையும் சேர்த்துவிடும். மழைக்கு வந்து வெயிலுக்குப் போகிறது என்று நீங்கள் எழுதியது அப்படியே இதற்குப் பொருந்துகிறது. நேரில் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் யூனிட் மாற்றுவதற்கு முன் நான் முதலில் கைவைப்பது இந்தக் கப்ளரில்தான். ஸ்கேனர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கப்ளர் மீதும் சென்சார் மீதும் லேசாகத் தண்ணீர் தெளித்துப் பார்ப்பது இந்தக் கோளாறுக்கு ஏற்ற சோதனை. அரை வாளி தண்ணீர் 22,000 ரூபாயைக் காப்பாற்றக்கூடும்.

சென்சார் முனையையும் வளையத்தையும் கண்ணால் பார்க்க வேண்டும். நம் சாலைச் சேற்றோடு பிரேக் பேடின் இரும்புத்தூளும் துறைமுகப் பக்கத்துக் கரித்தூளும் கலந்து பசைபோல் ஒட்டியிருக்கும். வளையம் நெளிந்திருந்தாலும், சக்கரத்தின் பேரிங் ஆடினாலும் அந்த ஒரு மில்லிமீட்டர் இடைவெளி கூடிக் குறையும். டயரை வேறு அளவில் மாற்றியிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். இரண்டு சக்கரக் கணக்கும் ஒத்துவராமல் போக அதுவும் ஒரு காரணம்.

பஞ்சர் கடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு செவிலியர் தம் வண்டியை என்னிடம் கொண்டுவந்தார். வேறோர் இடத்தில் யூனிட் போய்விட்டதாகச் சொல்லியிருந்தார்கள். எப்போதிருந்து விளக்கு வருகிறது என்று கேட்டேன். நாள் சொன்னார். அதற்கு முந்தைய நாள் என்ன நடந்தது என்று கேட்டால், பின்சக்கரம் பஞ்சர். சக்கரத்தைக் கழற்றி மாட்டியவர் சென்சார் வயரைக் கிளிப்பில் திரும்ப மாட்டவில்லை. அது டயரில் உரசி உரசி, ஓரிடத்தில் செம்பு தெரிந்தது. வயரோடு சென்சாரை மாற்றியதும் சரியாயிற்று. உங்களுக்கும் இந்த இரண்டரை வருடத்தில் சக்கரம் கழற்றியிருந்தால் அந்தத் தேதியை டீலரிடம் சொல்லுங்கள். இனிமேல் பஞ்சர் போடும்போது பக்கத்தில் நின்று, சென்சாரை இழுக்காமல், வளையத்தைத் தரையில் கிடத்தி மிதிக்காமல் வேலை செய்யச் சொல்லுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும், எண் வால்வையோ பம்பையோ காட்டினால், யூனிட்டுக்கு வரும் மின்சாரமும் எர்த்தும் சரியாக இருந்தும் அதே எண் திரும்பத் திரும்ப வந்தால், அப்போது யூனிட் என்று பேசலாம். "போயிருக்கும்" என்ற சொல்லை வைத்து 22,000 ரூபாய் கொடுக்கக்கூடாது. "எந்த எண் வந்தது, எந்தச் சோதனையில் யூனிட் என்று முடிவு செய்தீர்கள்?" என்று கேளுங்கள். பதில் இருப்பவர் சொல்லிவிடுவார்.

யூனிட்டை உண்மையில் கெடுப்பது மழையைவிடப் பழைய பிரேக் ஆயில்தான். இதை யாரும் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். டாட் 4 ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும் தன்மையுள்ளது. புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும். மூன்றே முக்கால் சதவீதம் அளவுக்கு நீர் சேர்ந்தாலே 155 வரை இறங்கிவிடலாம். சூடேறிய காலிப்பரில் அந்த நீர் ஆவியானால் லீவர் உள்ளே போகும். அது ஒரு ஆபத்து. இன்னொன்று, அந்த நீர் யூனிட்டின் ஊசித்துளை வால்வுகளுக்குள் போய் உட்கார்ந்து துருவை உண்டாக்கும். வருடத்தில் பாதி நாள் துணி காயாத ஊரில் இரண்டு வருடத்துக்கு மேல் அதே ஆயிலில் ஓட்டுவது சரியல்ல. உங்கள் வண்டிக்கு இரண்டரை ஆகிவிட்டது. மாற்றியிருக்கிறார்களா என்று பழைய பில்களில் பாருங்கள். இல்லையென்றால் இந்த முறையே மாற்றச் சொல்லுங்கள். மூடியில் எந்த டாட் என்று பொறித்திருக்கிறதோ அதையே ஊற்ற வேண்டும். டாட் 5 என்ற சிலிகான் ஆயிலை இதில் கலக்கவே கூடாது. ஆயில் மாற்றிக் காற்று எடுக்கும்போது, சில மாடல்களில் யூனிட்டுக்குள் இருக்கும் காற்றை வெளியேற்ற ஸ்கேனரால் பம்பை ஓட்ட வேண்டியிருக்கும். அதனால் இந்த ஒரு வேலையைத் தெருவில் செய்யாமல் டீலரிடமே செய்துகொள்ளுங்கள்.

சோதித்தார்களா என்று எப்படி அறிவது என்கிறீர்கள். வண்டியை எடுக்கும்போது சாவியைத் திருப்புங்கள். ஏ.பி.எஸ். விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் அது நல்ல செய்தியல்ல, விளக்கே செத்திருக்கலாம், யாரேனும் துண்டித்தும் இருக்கலாம். பழைய வண்டி வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியதும் இதைத்தான். நின்ற இடத்தில் எரிவது இயல்பு. வண்டி நகர்ந்து மணிக்கு ஐந்து, பத்து கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் அணைய வேண்டும். அதன்பின் டெக்னீஷியனையே ஓட்டச் சொல்லி, காய்ந்த, ஆளில்லாத நேர் சாலையில் முப்பது நாற்பது வேகத்தில் பின்பிரேக்கை நன்றாக மிதித்துக் காட்டச் சொல்லுங்கள். பெடலில் தடதடவென்று துடிப்பு வரும், சக்கரம் கோடு இழுக்காது. முன்பிரேக்கில் இதைப் பயிற்சியில்லாமல் நீங்களே செய்து பார்க்க வேண்டாம். திரும்பி வந்ததும் ஸ்கேனரை மறுபடி மாட்டி, எண் எதுவும் புதிதாக வரவில்லை என்று காட்டச் சொல்லுங்கள். முதல் எண், என்ன மாற்றினார்கள் அல்லது சுத்தம் செய்தார்கள், கடைசியில் என்ன காட்டியது மூன்றும் ஜாப் கார்டில் இருந்தால் அது சோதனை. இல்லாவிட்டால் வெறும் துடைப்பு.

ஒரு விஷயத்தில் வீணாகப் பயப்பட வேண்டாம். வீட்டில் டபுள் ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, கியரில் பின்சக்கரத்தைச் சுற்றவிட்டால் முன்சக்கரம் நிற்க, பின்சக்கரம் ஓடுகிறதே என்று யூனிட் குழம்பி விளக்கைப் போடும். அணைத்துவிட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்து கொஞ்ச தூரம் ஓட்டினால் பெரும்பாலும் போய்விடும். செயினுக்கு ஆயில் விட இன்ஜினை ஓட்டவே கூடாது, கையால்தான் சுற்ற வேண்டும். அப்படி ஓட்டி விரலை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

வாரண்டி பற்றி. மழையில் ஓட்டுவது வண்டியின் இயல்பான பயன்பாடு. வண்டி வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்ததும், தண்ணீர் நின்ற சாலையில் போய் வந்ததும் ஒன்றல்ல. "தண்ணி போனது" என்று வாய்வார்த்தையாகச் சொல்வதை ஏற்காதீர்கள். எந்தப் பாகத்தில், எந்த வழியாகத் தண்ணீர் புகுந்தது, வாரண்டி விதியில் எந்த வரியின்படி மறுக்கிறார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். வாரண்டி வண்டியோடு வருவது, விற்ற கடையோடு அல்ல. உங்கள் நம்பர் பிளேட்டில் PY 02 என்று இருந்தாலும் நாகப்பட்டினத்திலோ மயிலாடுதுறையிலோ கும்பகோணத்திலோ அதே நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற எந்த சர்வீஸ் சென்டரிலும் காட்டலாம், மாநில எல்லை இதற்குத் தடையில்லை. ஒரு டீலர் "யூனிட்" என்கிறாரா, இன்னொருவரிடம் முந்தைய கருத்தைச் சொல்லாமல், அறிகுறியை மட்டும் சொல்லிச் சோதிக்கச் சொல்லுங்கள். அதன் பிறகும் நியாயம் கிடைக்காவிட்டால் நிறுவனத்தின் தலைமைக்கு ஜாப் கார்டு பிரதிகளோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்க, பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. எல்லா இடத்திலும் உங்கள் கையிலிருக்கும் ஜாப் கார்டுதான் பேசும்.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மழையிலோ கடலோரத்திலோ ஓட்டிவந்த அன்றே நல்ல தண்ணீரால் மெல்லக் கழுவி விடுங்கள். உங்கள் பக்கத்துப் போர்த் தண்ணீர் சில தெருக்களில் உப்பு. அந்தத் தண்ணீரில் கழுவினால் நிலைமை இன்னும் மோசமாகும். வாட்டர் வாஷில் அந்தப் பீச்சுக்குழலைச் சென்சார், கப்ளர், பேரிங் பக்கம் நேராகக் காட்ட விடாதீர்கள். வருடத்துக்கு ஒரு முறை, புரட்டாசி முடிவதற்குள், இரண்டு சென்சார் கப்ளரையும் பிரித்துத் துடைத்து, மின்முனைகளுக்கென்று விற்கும் சிலிகான் கிரீஸ் தடவி மூடச் சொல்லுங்கள். வயலை ஒட்டிய வீடென்றால் எலி வயரைக் கடித்திருக்கிறதா என்றும் சீட்டைக் கழற்றிப் பாருங்கள். அறுவடை முடிந்து வயலில் இரை தீரும்போது எலிகள் வீட்டுப் பக்கம் வரும்.

விளக்கு சரியான பிறகும் ஒன்றை மறக்க வேண்டாம். தையிலும் மாசியிலும் சம்பா அறுத்து, நெடுங்காடு, திருநள்ளாறு பக்கம் சாலையில் நெல்லைக் காயப் போட்டிருப்பார்கள். அதன் மேல் ஏ.பி.எஸ். சக்கரத்தைப் பூட்டவிடாது, ஆனால் வண்டி நிற்கும் தூரத்தைக் குறைக்காது. நெல்லும் மணலும் உள்ள இடத்தில் கூடத்தான் செய்யும். வளைவில் சாய்ந்து போகும்போது அது முழுக் காவலும் அல்ல. நெல்லைக் கண்டதும் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

அடுத்த மழைக்கு விளக்கு வந்ததும் சர்வீஸுக்குக் கொண்டுபோய், எழுதி வாங்கிய அந்தக் கோடு எண்ணை எனக்கு அனுப்புங்கள். வண்டியின் மாடலையும், அது அப்போதைய கோளாறா பழைய பதிவா என்று ஸ்கேனர் காட்டியதையும் சேர்த்து எழுதுங்கள். எந்தச் சக்கரத்தின் எந்தக் கம்பியைத் தொட வேண்டும் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.